எறும்பு வேடம் போட்ட ஈ: தேடிக் கண்டுபிடித்து உறுதிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் புதுச் சாணியில் எறும்பு மொய்க்கிறது என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன். கருப்பாக, மினுமினுப்பாக, இடுப்பு சிறுத்து, அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத உடம்புகள். ஒரு நாள் காலை குனிந்து பார்த்தபோது அந்த "எறும்பு" பறந்துபோய் அடுத்த சாணியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பித்து. எறும்பு என்று நினைத்து நாம் கடந்துபோகிற கூட்டத்தில் ஈயும் இருக்கும், சிலந்தியும் இருக்கும், பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியின் குஞ்சும் இருக்கும். அவற்றைப் பிரித்து அறிய விலை கூடிய கருவி வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற ஒழுங்குதான் வேண்டும். நான் கற்றுக்கொண்ட வரிசையில் அதை இங்கே சொல்கிறேன்.

தேடக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஏன் எறும்பு? எறும்பு கடிக்கும், சில வகைகள் கொட்டும், சில வகைகள் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றைத் தொட்டால் நூறு வரும். அதனால் பூச்சி தின்னும் பல பிராணிகள் எறும்பைக் கண்டால் ஒதுங்கிப் போகும். தாவும் சிலந்திகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். கடிக்கவும் கொட்டவும் தெரியாத ஒரு ஈ, பார்ப்பதற்கு எறும்பு போல இருந்துவிட்டால் இந்தப் பயத்தின் பாதுகாப்பு அதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆபத்தில்லாத உயிர் ஆபத்தான உயிரின் வேடத்தைப் போடும் இந்த ஏற்பாட்டை, அமேசான் காடுகளில் 11 வருடம் சுற்றிவிட்டு வந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் பட்டாம்பூச்சிகளை வைத்து விளக்கினார். இன்றும் அதற்குப் பேட்ஸ் பாவனை என்றே பெயர். எறும்பு வேடம் போடும் பூச்சிகளும் சிலந்திகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. உலகில் அதிகமாக நடிக்கப்படும் வேடங்களில் எறும்பு வேடமும் ஒன்று.

படி 1: இரண்டு நாள் எறும்பை மட்டும் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். ராஜா வேடத்தில் வருபவர் நன்றாக நடிக்கிறாரா என்று சொல்ல, ராஜா எப்படி நடப்பார் என்ற எண்ணம் நமக்குள் முதலில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஓடும் பிள்ளையார் எறும்பு, கடித்தால் சுருக்கென்று எரியும் சித்தெறும்பு, தனியாகத் திரியும் கட்டெறும்பு, மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு தைக்கும் முசுறு. இந்த நான்கையும் தலா கால் மணி நேரம் பாருங்கள். உணர்கொம்பு எப்படி மடிந்திருக்கிறது என்று கவனியுங்கள். தலையிலிருந்து நீளமாக ஒரு தண்டு, அப்புறம் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு, அதற்குப் பிறகு சின்னச் சின்னக் கணுக்கள். அந்த மடிப்பு எறும்பின் முத்திரை. அடுத்து இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒன்றோ இரண்டோ சிறு முடிச்சுகள் தெரியும். வாயில் இரண்டு தாடைகள் கத்தரிக்கோல் போல இருக்கும்.

நடையையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எறும்பின் கொம்பு ஓய்வதே இல்லை, தரையைத் தட்டிக்கொண்டே போகும். எதிரே இன்னொரு எறும்பு வந்தால் இரண்டும் நின்று கொம்பால் தடவிக்கொள்ளும். இந்தத் தடவல்தான் பின்னால் உங்களுக்குப் பெரிய துப்பாக வரப்போகிறது.

படி 2: கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், மெதுவோட்ட வீடியோ எடுக்கத் தெரிந்த ஒரு கைபேசி, மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு நோட்டு. போதும். புட்டியில் பிடித்தால் நிழலில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுங்கள். ஒருமுறை நான் வெயிலில் மறந்து வைத்த புட்டிக்குள் ஒரு அழகான ஈ வெந்து செத்துப்போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

படி 3: எங்கே தேடுவது

முதல் இடம் சாணி. அதிலும் அன்றைக்குப் போட்ட, மேலே தோல் கட்டாத சாணி. அங்கே நீங்கள் பார்ப்பது செப்சிடே குடும்பத்து ஈக்கள். உருண்டைத் தலை, பளபளக்கும் கருப்பு உடம்பு, வயிறு தொடங்கும் இடத்தில் நெருக்கிப் பிடித்தது போன்ற இடுப்பு. பல இனங்களில் இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். நடக்கும்போது இறக்கைகளைத் துடுப்புப் போடுவது போல வெளியே விரித்து விரித்து ஆட்டிக்கொண்டே போகும். தாய் ஈ சாணியில் முட்டையிடும், புழுக்கள் அதற்குள்ளேயே வளரும். ஆண் ஈயின் முன்னங்காலை லென்ஸில் பார்த்தால் வெட்டும் முள்ளுமாக விசித்திரமாக இருக்கும். பெண் ஈயின் இறக்கை அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளத்தான் அந்த அமைப்பு.

சாணி கிடந்தும் ஈ இல்லையென்றால் மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மாட்டுக்குப் பூச்சி மருந்து போட்டீங்களா?" ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணியில் மருந்தின் மிச்சம் பல நாள் வெளிவரும். அது சாணியில் வளரும் ஈப் புழுக்களைக் கொல்லும். செப்சிட் ஈக்கள் இதில் மிகவும் மென்மையானவை. சாணியை மக்கச் செய்யும் வேலையில் பங்கெடுக்கும் இந்தச் சின்ன உயிர்கள் நம் கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துபோவது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

இரண்டாவது இடம் ஈரமும் நிழலும் உள்ள இஞ்சி, மஞ்சள் வயல். இங்கே மைக்ரோபெசிடே என்ற நெட்டைக்கால் ஈக் குடும்பத்தைச் சேர்ந்த மைமெக்ரல்லா இருக்கும். மெலிந்து நீண்ட உடம்பு, கொக்குக்கால் போல நடு, பின் கால்கள், பட்டை போட்ட இறக்கை. இதன் புழு அழுகிய கிழங்குக்குள் இருப்பதால் விவசாயிகளுக்கு இது ஏற்கெனவே அறிமுகம். ஆனால் இலைமேல் நிற்கும் வளர்ந்த ஈயையும் கிழங்குக்குள் இருக்கும் புழுவையும் ஒரே உயிராகச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. இந்த ஈயின் முன்னங்கால் நுனி வெளுத்திருக்கும். நிற்கும்போது அந்த இரண்டு கால்களையும் முன்னால் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிற கண்ணுக்கு அது கால் இல்லை, உணர்கொம்பு. எறும்போ குளவியோ நிற்கிறது என்றுதான் தோன்றும். வயலுக்குள் இறங்குமுன் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து தெளித்த அன்று போகவே போகாதீர்கள்.

அழுகிய பழம் கிடக்கும் மரத்தடி, வேலியோரப் பூச்செடிகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். தொடங்குகிறவர்களுக்குச் சாணியைப் போல நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

படி 4: உடம்பைச் சோதிப்பது

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி, நிதானமாகச் செய்யுங்கள். சந்தேகப்படும் பூச்சியைப் பக்கவாட்டில் வைத்து லென்ஸால் பாருங்கள், மேலிருந்து வேண்டாம். மேலிருந்து பார்ப்பது பறவையின் பார்வை. வேடம் அந்தப் பார்வைக்காகவும் போடப்பட்டது.

முதலில் கொம்பு. ஈக்களின் இந்தக் குடும்பங்களில் உணர்கொம்பு மிகக் குட்டை. முகத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு சிறு மொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு முடி. முழங்கை மடிப்பு கிடையாது. எறும்பு வேடம் போடும் ஈக்கு இதுதான் பெரிய தலைவலி. எறும்பின் உருவத்தில் எல்லோருக்கும் முதலில் தெரிவது கொம்பு, ஈயிடமோ அது இல்லை. அதனால்தான் நெட்டைக்கால் ஈ முன்னங்காலைக் கொம்பாகக் காட்டுகிறது.

அடுத்து கண். ஈயின் கண் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். வேலைக்கார எறும்பின் கண் பொதுவாகச் சிறியது. இந்த ஒன்றை எந்த வேடத்தாலும் முழுக்க மறைக்க முடியவில்லை.

பிறகு வாய். எறும்புக்குத் தாடை, ஈக்கு ஒற்றி உறிஞ்சும் மெத்தை போன்ற வாய். சாணியின் ஈரத்தை ஒற்றி எடுக்கும்போது அது கீழே நீள்வது நன்றாகத் தெரியும்.

கடைசியாக இறக்கை. ஈக்கு ஒரே ஜோடிதான். பின் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில், முனையில் உருண்டை வைத்த இரண்டு குட்டிக் குச்சிகள் இருக்கும். பறக்கும்போது உடம்பின் சமநிலையைக் காப்பவை அவைதான். அந்தக் குச்சிகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் அது ஈ என்பதில் சந்தேகமே வேண்டாம். மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் இறக்கை முளைத்த எறும்புகளை ஈ என்று குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அவற்றுக்கு நான்கு இறக்கைகள், கொம்பிலும் மடிப்பு இருக்கும்.

இடுப்பைப் பற்றி ஒரு சொல். ஈயின் இடுப்பு சிறுத்திருந்தாலும் எறும்புக்கு உள்ள அந்த முடிச்சு இருக்காது. சில இனங்களில் உடம்பின் மேல் உள்ள வெளிறிய நிறமோ வெண்பட்டையோ ஒளியில் கரைந்து, அங்கே உடம்பு ஒடுங்கியது போலக் காட்டும். லென்ஸ் வைத்தால் அந்தச் சாயம் வெளுத்துவிடும்.

படி 5: நடையைச் சோதிப்பது

உடம்பு ஒப்பனை என்றால் நடைதான் நடிப்பு. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட வேடதாரிகளை நான் பிடித்தது நடையை வைத்துத்தான்.

கைபேசியை அசையாமல் ஒரு கல்மேல் வைத்து, மெதுவோட்டத்தில் ஒரு நிமிடம் எடுங்கள். வீட்டுக்கு வந்து நான்கைந்து முறை ஓட்டிப் பாருங்கள். ஈ ஓடும், சட்டென்று நிற்கும், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்கும். ஈக்குக் காலில் சுவை தெரியும், அந்தக் காலைத் துடைக்காமல் அதால் இருக்க முடியாது. தேய்க்கிற அந்த நொடியில் வேடம் கலைந்துவிடும். எறும்பும் கொம்பைத் துடைக்கும்தான். ஆனால் முன்னங்காலை வளைத்து, கொம்பை அதற்குள் விட்டு இழுத்துத் துடைக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் குழப்பமே வராது.

இப்போது முதல் படியில் சொன்ன துப்புக்கு வருவோம். உண்மையான எறும்பு பக்கத்தில் வரும்போது என்ன நடக்கிறது? எறும்பு என்றால் நின்று தடவிக்கொள்ளும். வேடதாரி விலகும். எறும்புகளின் ஓரமாக வாழ்ந்தாலும் எறும்பின் தொடலுக்குச் சிக்காமல் தப்பிப்பதே அதன் பிழைப்பு. தோற்றம் கண்ணை ஏமாற்றும். எறும்போ வாசத்தால் ஆளை அறிவது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுத் தோட்டத்திலேயே பார்க்கலாம், எனக்கு இது சலிக்கவே இல்லை.

படி 6: ஈ இல்லாத வேடதாரிகளை ஒதுக்குவது

நீங்கள் தேடுவது ஈ. ஆனால் நம் ஊரில் முதலில் மாட்டப்போவது அநேகமாகச் சிலந்திதான். முசுறு கட்டிய மரத்தில் அதே செந்நிறத்தில், அதே நீளத்தில் ஒரு தாவும் சிலந்தி திரியும். மிர்மாபிளேட்டா பிளேட்டலியாய்ட்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆண் சிலந்தியின் தாடை முன்பக்கம் நீண்டு பருத்திருக்கும், ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும். எண்ண விடாமல் ஓடினால் ஒரு குச்சியால் பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். நூல் விட்டுக் கீழே இறங்கினால் அது சிலந்தி.

இதே உறவுக்கூட்டத்தைச் சேர்ந்த மிர்மராக்னே ஃபார்மிகேரியா என்ற சிலந்தியை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2017-இல் ஒரு ஆய்வு வெளியானது. முன்னங்காலைக் கொம்பாகத் தூக்கிக்கொண்டு மீதி ஆறு காலால் இது நடக்கிறது என்றே பலர் நம்பியிருந்தார்கள். படத்தில் தெரிந்தது வேறு. நடப்பதெல்லாம் எட்டுக் காலால்தான். நடுநடுவே நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நின்று, அப்போது மட்டும் முன்னங்காலைத் தூக்குகிறது. நம் கண்ணால் அந்த நிறுத்தத்தைப் பிரிக்க முடியாததால், எப்போதும் கொம்பு ஆடுவதாகவே தெரிகிறது. மெதுவோட்ட வீடியோ எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தட்டைப்பயறு, அவரை, துவரைச் செடியில் கருப்பு எறும்பு மாதிரி ஊர்வது ரிப்டார்ட்டஸ் என்ற சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சாக இருக்கலாம். கொம்பு நீளம், ஆனால் முழங்கை மடிப்பு இல்லை. வயிற்றுப் பக்கம் திருப்பினால் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் மடங்கிக் கிடக்கும். பொரித்துச் சில நாளே ஆன கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் சிலவும் எறும்பு போலவே இருக்கும், அவற்றை முன்னங்காலின் மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 7: இந்த நாடகம் யாருக்கு?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். நமக்கு எறும்பு போலத் தெரிவதால் மட்டும் அது எறும்பு வேடம் ஆகிவிடாது. பூச்சியைத் தின்னும் பிராணிக்கு எப்படித் தெரிகிறது என்பதே கேள்வி.

இதை எப்படிச் சோதிக்கலாம் என்பதற்கு 1987-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு அருமையான பாடம். அதில் வருவது எறும்பு வேடம் இல்லை, சிலந்தி வேடம். ஆனால் முறை நமக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் சோனோசெமாட்டா என்ற பழ ஈயின் இறக்கையில் கரும்பட்டைகள் உண்டு. இறக்கையைத் தூக்கி ஆட்டினால் தாவும் சிலந்தியின் கால்கள் போலத் தெரியும். ஆய்வாளர்கள் அதன் இறக்கையை வெட்டி வீட்டு ஈக்கு ஒட்டினார்கள். வீட்டு ஈயின் இறக்கையை இதற்கு ஒட்டினார்கள். வெட்டியதும் ஒட்டியதுமே மாற்றத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது என்று, சில பழ ஈக்களுக்கு அவற்றின் சொந்த இறக்கையையே வெட்டித் திரும்ப ஒட்டினார்கள். பட்டையும் ஆட்டமும் இரண்டும் சேர்ந்திருந்த ஈயிடமிருந்துதான் தாவும் சிலந்திகள் பின்வாங்கின. பட்டை மட்டும் போதவில்லை, ஆட்டம் மட்டும் போதவில்லை. மற்ற வகை எதிரிகளிடம் இந்த வித்தை எடுபடவும் இல்லை. அந்த நாடகத்தின் பார்வையாளர் தாவும் சிலந்தி ஒன்றுதான்.

நீங்கள் இறக்கையெல்லாம் வெட்ட வேண்டாம். சாணிக்குப் பக்கத்தில் இலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாவும் சிலந்தியைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்னால் வரும் ஒவ்வொரு ஈக்கும் நோட்டில் ஒரு வரி: வந்தது எந்த ஈ, சிலந்தி திரும்பிப் பார்த்ததா, நெருங்கியதா, பாய்ந்ததா, விட்டுவிட்டதா. சாதாரண ஈக்கு இருபது வரி, எறும்பு போன்ற ஈக்கு இருபது வரி சேர்ந்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே சிலந்தியை ஒரே நாளில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பசியில்லாத சிலந்தி எதையும் விட்டுவிடும்.

வேடத்துக்கு ஒரு விலையும் உண்டு. எறும்பையே விரும்பித் தின்னும் தாவும் சிலந்திகள் இருக்கின்றன, அவை எறும்பு வேடதாரியையும் எறும்பு என்று எண்ணிப் பாயும். செம்மரங்கொத்திக்கும் எறும்புதான் முக்கிய உணவு. அப்படிப்பட்ட எதிரி அதிகமுள்ள இடத்தில் இந்த வேடம் காப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் அடிக்கடி சுற்றும் கோனியுரெல்லியா ட்ரைடென்ஸ் படத்தையும் இதே கேள்வியோடு பாருங்கள். அரபுப் பாலைவனப் பகுதியில் உள்ள இந்தப் பழ ஈயின் இரண்டு இறக்கையிலும், தலை, உடம்பு, கால் எல்லாம் வைத்து ஆளுக்கொரு எறும்பு வரைந்தது போலக் கோலம் இருக்கும். பார்க்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அதில் எறும்பைக் காண்பது நாம். எறும்பு இல்லை, சிலந்தி என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த ஈயைத் துரத்தும் எதிரியின் முன்னால் வைத்துப் பார்க்காமல் எறும்பு என்று முடிவு கட்ட நான் தயாரில்லை.

படி 8: தூரத்து உறவுகளைத் தெரிந்துகொள்வது

இவற்றை நாம் நேரில் பார்ப்பது அரிது. ஆனாலும் வேடம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொண்டால் கண் கூர்மையாகும்.

எனக்கு மிகப் பிடித்தது தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பாடிசிஸ் ஆம்புலன்ஸ். 1990-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். நம் நெட்டைக்கால் ஈயின் குடும்பம்தான், ஆனால் இறக்கையே கிடையாது. ஈ பறப்பதையே துறந்துவிட்டு, தரையில் எறும்பாக ஓடித் திரிகிறது. இதன் புழு வளர்வது செஃபலோட்டஸ் என்ற குடுவைத் தாவரத்தின் குடுவைக்குள். பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் அந்தத் தண்ணீரில் இது மட்டும் செத்துப்போகாமல் வளர்ந்து வெளியே வருகிறது. வெளியில் எறும்பு விழுந்து சாகும் குடுவை, உள்ளே எறும்பு வேடக்காரனுக்குத் தொட்டில்.

மலேசியாவின் வெஸ்டிகிபோடா இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தப் பெண் ஈக்கு இறக்கை இல்லை, கால்கள் சுருங்கிவிட்டன. உடம்பு படையெறும்பின் புழுக்குஞ்சு போலவே வெளுத்து உப்பியிருக்கும். எறும்புகள் அதைத் தங்கள் பிள்ளை என்று எண்ணிக் குஞ்சுகளோடு சேர்த்துச் சுமந்து வளர்க்கின்றன. இங்கே ஏமாறுகிறவர் பறவையோ சிலந்தியோ இல்லை, எறும்பேதான். மைக்ரோடான் என்ற ஈயின் புழுவும் எறும்புக் கூட்டுக்குள்ளேயே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. அதன் உருவத்தைப் பார்த்து ஒரு காலத்தில் ஓடில்லாத நத்தை என்றே எழுதிவைத்தார்கள். அது போடுவது வாச வேடம், கண்ணுக்குத் தெரியாது.

படி 9: பதிவு செய்வது

ஒவ்வொரு ஈக்கும் நான்கு படம்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகம் தெரிய ஒன்று, இறக்கை விரிந்திருக்கும்போது ஒன்று. இறக்கை நரம்புகளும் கால் முட்களும் தெரியும் படம் இருந்தால்தான் அறிந்தவர்கள் இனத்தைச் சொல்ல முடியும். அழகான படம் எடுப்பதைவிட நரம்பு தெரியும் படம் எடுப்பது முக்கியம். தேதி, நேரம், இடம், எந்தச் செடி அல்லது எந்த மாட்டின் சாணி, பக்கத்தில் எந்த எறும்பு இருந்தது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்த எறும்பைப் பார்த்துப் போட்ட வேடம் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரி இல்லாமல் முடியாது.

உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தை ஏற்றும்போது இனப் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் "ஈ" என்ற அளவில் நிறுத்திவிடுங்கள், குடும்பம் தெரிந்தால் குடும்பம் வரை போங்கள். தவறான இனப் பெயரைவிட அது எவ்வளவோ மேல். படத்தோடு, நடையை எடுத்த வீடியோவையும் கைபேசியிலேயே பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது, அன்றைக்குக் கண்ணில் படாத ஒரு காலாட்டம் அதில் இருக்கும்.